வீணைக்குள் ஆம்ப்ளிஃபயர்: ரிப்பேர் என்றால் யாரிடம் போவது?

எலக்ட்ரானிக் தம்பூரா 1979இல் வந்தது, பெங்களூருவில். புல்லாங்குழலும் வாசிக்கத் தெரிந்த ஒரு பொறியாளரின் கைவண்ணம். பின்னாளில் அவரே எலக்ட்ரானிக் வீணையும் செய்தார். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் வீணையோடு சேர்ந்தே வருகின்றன. கரன்ட் போனாலும் பேட்டரியில் கச்சேரி நடக்கும். குடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து விமானம் ஏறலாம். பலா மர வீணையோடு ஏர்போர்ட்டில் அல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தந்திக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் நூலிழை மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கும். வெறும் பித்தளைத் தந்தியைக் காந்தம் கண்டுகொள்ளாது. அதனால் மந்தரத்துக்கும் இரும்பு உள்ள தந்திதான் போட வேண்டும்.

சொந்தமாகச் செய்ய ஆசையா? பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், காந்தச் சுருளுக்குப் பதிலாக அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வில்லை கிடைக்கும். எல்.எம். 386 என்ற எட்டுக்கால் சிப், 9 வோல்ட் பேட்டரியில் ஓடி 20 முதல் 200 மடங்கு வரை பெருக்கும். பீசோவை நேரே அதில் கோத்தால் மந்தர ஸ்தாயி மெலிந்துவிடும். நடுவில் ஒரு பிரீஆம்ப் வேண்டும்.

குடத்தின் நாதம் எலக்ட்ரானிக் வீணையில் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். என் கவலை ரிப்பேர்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகு தேய்ந்து 24 மெட்டும் சுருதி விலகினால், மறுபடி மேளம் கட்டித் தர ஆள் இருக்கிறார். பாட்டி வாசித்ததைப் பேத்தி வாசிப்பது அப்படித்தான். சர்க்யூட் போர்டுக்கு அந்த ஆயுள் கிடையாது. சிப் தயாரிப்பு நின்றால் மாற்றுக்கு எங்கே போவது? லித்தியம் பேட்டரி, வாசிக்காமல் மூடி வைத்திருந்தாலும் சில வருடங்களில் சோர்ந்துவிடும். அல்கலைன் செல்லை உள்ளேயே மறந்தால் கசிந்து இணைப்புகளை அரிக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் வீணை பரணுக்குப் போய்விடும்.

வாங்கப் போகிறீர்களா? பில்லோடு சர்க்யூட் வரைபடத்தையும் கேளுங்கள். பேட்டரி அறை சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்குத் திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். திறக்காவிட்டால் வாங்காதீர்கள்.