மூணு கனமும் கொஞ்சமும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

'பை' என்றதும் தோளில் மாட்டுகிற பை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் 22/7 என்று போட்டு மார்க் வாங்கினோமே, அந்தப் பை. நானும் அதற்கு மேல் யோசித்தவன் இல்லை, போன மே மாத லீவில் அப்பாவின் பட்டறையில் ஒரு இரும்புப் பட்டையைக் கெடுக்கும் வரை.

என் அப்பா கொல்லர். எங்கள் வீட்டிலிருந்து பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இப்போதெல்லாம் டயர் வண்டிதான் அதிகம். மரச் சக்கரம் எப்போதாவதுதான் வரும். அந்த மாதம் ஒரு ஜோடி வந்தது. சுற்றிலும் இரும்புப் பட்டை போட வேண்டும். அப்பா சக்கரத்தின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நீட்டி வைத்த பட்டையின் மேல் ஒரு முழுச் சுற்று உருட்டித்தான் நீளம் எடுப்பார்.

"உருட்டவே வேண்டாம்ப்பா, நான் கணக்குப் போட்டுத் தர்றேன்" என்றேன். சக்கரத்தின் விட்டம் 1200 மி.மீ. அதை 3.1416-ஆல் பெருக்கினால் 3770. காய்ச்சிப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பட்டை சுருங்கிக் கவ்விப் பிடிக்க வேண்டுமே, அதற்கு 15 குறைத்து 3755 என்றேன்.

"எல்லாம் சேர்த்துத்தானே?" என்றார். "ஆமாம்" என்றேன். படிக்கிற பையன் சொல்கிறான் என்று வெட்டிவிட்டார்.

வளைத்து, முனைகளை வெல்டிங் செய்து, வறட்டி அடுக்கிப் பழுக்கக் காய்ச்சியும் பட்டை சக்கரத்தில் ஏறவில்லை. வண்டிக்காரர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தப்பு எங்கே என்று சொல்வதற்கு முன் பை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். டிராயிங் வகுப்பில் காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, அளவை மாற்றாமல் சுற்றிலும் குறித்துக்கொண்டே போனால் சரியாக ஆறு தடவையில் புறப்பட்ட இடத்துக்கே வருவோம் இல்லையா? அந்தப் புள்ளிகளை ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் அறுகோணம். அதன் சுற்றளவு ஆறு ஆரம், அதாவது மூன்று விட்டம். வட்டமோ ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியே வளைந்து போகிறது. அதனால் வட்டத்தின் சுற்றளவு மூன்று விட்டத்துக்கு மேல். அதே வட்டத்தை ஒட்டி வெளியே ஒரு சதுரம் போட்டால் அதன் சுற்றளவு நான்கு விட்டம். வட்டம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக, விடை 3-க்கும் 4-க்கும் நடுவில். வளையலானாலும் வண்டிச் சக்கரமானாலும் இதேதான். ஜெராக்ஸில் பெரிதாக்கினால் விட்டம் எத்தனை மடங்கு கூடுகிறதோ சுற்றளவும் அத்தனை மடங்கு கூடும், விகிதம் மாறாது. அந்த மாறாத விகிதத்துக்குத்தான் பை என்று பெயர்.

ஆர்க்கிமிடீஸ் ஆறு பக்கத்தை 12, 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போய், பை 223/71-க்கும் 22/7-க்கும் நடுவில் இருக்கிறது என்றார். கவனித்தீர்களா, நம்ம 22/7 பை இல்லை, பையின் மேல்வேலி! கி.பி. 499-இல் ஆர்யபடர் 20000 விட்டத்துக்குச் சுற்றளவு 62832 என்று சொன்னபோது, இது கிட்டத்தட்டதான் என்றும் சேர்த்தே சொன்னார். எந்தப் பின்னமும் சரியாகப் பொருந்தாது என்று 1761-இல் லாம்பெர்ட் நிரூபித்தார்.

அப்படியென்றால் என் தப்பு தசமப் புள்ளியிலா? இல்லை. 22/7 போட்டிருந்தாலும் ஒன்றரை மி.மீ.தான் வித்தியாசம். நான் விட்டது பட்டையின் கனம், 12 மி.மீ. பட்டையை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்குப்படும், நடுப்பகுதிதான் நீளம் மாறாமல் இருக்கும். நான் வெட்டிய 3755 அந்த நடு வட்டத்துக்குப் போய்விட்டது. உள் வட்டத்தின் விட்டம் அதைவிட ஒரு கனம் குறைவு. விட்டத்தில் 12 குறைந்தால் சுற்றளவில் 12 பெருக்கல் பை, சுமார் 38 குறையும். (சக்கரம் பெரிசானாலும் சின்னதானாலும் இதே 38 என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.) ஏற்கெனவே குறைத்த 15-ஐயும் சேர்த்தால் பற்றாக்குறை 53. எழுநூறு டிகிரி சூடேறினாலும் அந்த இரும்பு அவ்வளவு நீளாது. பிறகு எப்படி ஏறும்?

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "உருட்டின நீளத்தோட மூணு கனமும் கொஞ்சமும் சேர்க்கணும்டா. உங்க தாத்தா சொன்னது" என்றார். சின்ன வயதிலிருந்து அவர் அப்படிச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். சேதாரத்துக்கு என்று நினைத்திருந்தேன்!

கெட்ட பட்டையை வெட்டி 38 மி.மீ. துண்டு வைத்து ஒட்டினோம். அந்தச் சக்கரத்தில் இரண்டு ஒட்டு இருக்கிறது. இரண்டாவது சக்கரத்துக்கு அப்பா உருட்டி, பதினைந்து கழித்து, மூன்று கனம் சேர்த்துக் கோடு போட்டார். டேப்பில் 3791. என் கணக்கில் 3792.7.

"அந்தக் கொஞ்சம் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"கோட்டு மேல வெட்டாதே. கோட்டை விட்டு வெளியே வெட்டு."

சாக்பீஸ் கோட்டின் அகலத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைச்சல்.