வசனம் காதில் விழுகிறதா?

வீட்டுத் திரையரங்கு அமைக்க விரும்பும் நேயர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். வீவக வீட்டு வரவேற்பறைக்கு அது பெரிய கேள்வியே அல்ல. 5.1 என்றால் ஐந்து ஒலிபெருக்கிகள், ஒரு சப்வூஃபர். வசனம் பெரும்பாலும் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நடு ஒலிபெருக்கியில்தான் வருகிறது. அது மட்டமானதாக இருந்தால், பேச்சு புரியாமல் ஒலியைக் கூட்டுவீர்கள். அடுத்த சண்டைக் காட்சியில் தூங்கும் குழந்தை அலறி எழும். ஆகவே பணத்தை அங்கே போடுங்கள். முன்னால் வைக்கும் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வந்தவையாக இருக்கட்டும். பக்கவாட்டில், சற்றுப் பின்னால் வைப்பவை சிறியவையாக இருந்தாலும் போதும். தொலைக்காட்சி, ரிசீவர் இரண்டிலும் 'இஏஆர்சி' வசதி இருந்தால், தொலைக்காட்சியின் ஒலி ஒரே எச்டிஎம்ஐ கம்பியில் ரிசீவருக்கு வந்துவிடும். சப்வூஃபரை மட்டும் சுவர் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். அங்கே அடித்தொனி பெருகும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்!