வகுப்பறைக்குள் நாடகம்: ஒரு தீவக அனுபவம்

பாடசாலை நாடகம் என்றவுடன் எங்களுக்குப் பரிசளிப்பு விழாதான் நினைவுக்கு வரும். ஒரு மாத ஒத்திகை, நன்றாகப் பேசக்கூடிய பத்துப் பிள்ளைகள், மற்றவர்கள் கைதட்டுவதற்கு. நான் சொல்ல வருவது அதுவல்ல. பாடவேளைக்குள், பார்ப்பவர் எவருமில்லாமல், முழு வகுப்பும் சேர்ந்து செய்கிற நாடகம்.

வேலணையில் தரம் 3இற்கு நீர் பற்றிய பாடம். புத்தகத்தை விரித்தால் நீரின் பயன்கள் ஐந்தையும் பிள்ளைகள் ஒப்புவித்துவிடுவார்கள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஒரு முதலாளியானேன். "இஞ்ச காணி வாங்கியிருக்கிறன். ஆழமாக் குழாய்க்கிணறு அடிச்சு, பெரிய மோட்டர் பூட்டி இறைக்கப் போறன். ஊர்ப் பெரியாக்கள் நீங்கள் என்ன சொல்றீங்கள்?"

முதலில் சிரிப்பு. பிறகு ஒரு பெடியன், "எங்களுக்கு எவ்வளவு காசு தருவீங்கள்?" என்றான். (நியாயமான கேள்விதான்.) அப்போது, இடாப்புக் கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ஒரு பிள்ளை எழும்பினாள். "ஐயா, ஆழமாத் தோண்டினா உப்பு வரும். அம்மம்மா சொன்னவ." என்னை 'சேர்' என்று கூப்பிடவில்லை, முதலாளியோடுதான் கதைத்தாள்.

"எனக்கு விளங்கேல்ல, கீறிக் காட்டுங்கோ" என்றேன். கரும்பலகைக்கு ஐந்தாறு பேர் ஓடினார்கள். தீவகத்தின் தரை சுண்ணக்கல். உள்ளே இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் வற்ற, கீழேயுள்ள உவர்நீர் மேலே ஏறும். பாதியைப் பிள்ளைகளே கீறினார்கள். மீதியைக் கேள்வி கேட்டுக் கேட்டு எடுத்தோம். பிறகு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அன்றைய தமிழ்ப் பாடமும் அதிலேயே முடிந்தது.

ஆசிரியர் தாமே பாத்திரமேற்று, பிள்ளைகளை விடயம் தெரிந்தவர்களாக்கும் இம்முறையை இங்கிலாந்தில் டொரதி ஹீத்கோட் வளர்த்தார். யாழ்ப்பாணத்துக்கும் நாடகம் வழியான கல்வி புதிதல்ல. 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியது. 'கூடி விளையாடு பாப்பா' எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கமும் ஓர் ஆசிரியர்தான். எங்கள் ஆரம்பக் கல்வியிலும் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கு இடமுண்டு. தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை வந்து அதை விழுங்கிவிடுகிறது.

முன்பு புத்தளத்தில் படிப்பித்தபோது ஒரு வாப்பா கேட்டார்: "வேஷம் போடுறது எங்கட பிள்ளைகளுக்குத் தேவையா?" இதில் வேஷமே இல்லை என்றேன். ஹதீஸ் ஜிப்ரீலையும் நினைவூட்டினேன். வெள்ளுடை அணிந்த அந்நியராக வந்து கேள்விகளைக் கேட்டு, பதில்களை 'உண்மை சொன்னீர்' என்று ஏற்றுக்கொண்டவர், உங்கள் மார்க்கத்தைக் கற்பிக்க வந்த ஜிப்ரீல் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதை நாடகம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால், அறிந்தவர் கேட்க, இருப்பவர் கற்பது எங்களுக்கு அந்நியமல்ல.

1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நானும் ஒருவன். அகதிமுகாம் வகுப்பில் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. என்னிடம் பாடத்தைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எவரும் கேட்கவில்லை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் பத்து நிமிடத்தோடு தொடங்கலாம். சத்தம் வரும், பக்கத்து வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாட்டேன் என்கிற பிள்ளையை இழுக்கவேண்டாம், புள்ளியும் போடவேண்டாம்.

மறுநாள் இடாப்புக் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை வழமைபோலத் தலையைத்தான் ஆட்டினாள். இடைவேளையில் மேசையடிக்கு வந்து, "சேர், அந்த முதலாளி திரும்ப எப்ப வருவார்?" என்று கேட்டாள்.