வழி காட்டும் பெட்டி

விடியற்காலை 6 மணி. ஓசூரிலிருந்து ஒரு வாடகைக் கார் கிளம்பியது. காரில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவருக்கு முதுகில் தீராத வலி. பெங்களூரில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். 8 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நேரம் தவறினால் வேறு ஒரு நாள்தான். அன்றைய கூலி போகும். கார் வாடகையும் போகும்.

டிரைவர் இளைஞர். பெங்களூருக்குப் புதியவர். ஆனாலும் அவருக்குக் கவலை இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஒரு திரை. இடத்தின் பெயரைப் போட்டால் போதும். பெட்டி வழி காட்டும்.

"எங்கே போகணும் அம்மா?"

"நாலாவது பிளாக் தம்பி. இதோ சீட்டு."

டிரைவர் சீட்டை வாங்கவில்லை. "4வது பிளாக்" என்று திரையில் தட்டினார். நாலைந்து பெயர்கள் வந்தன. முதல் பெயரைத் தொட்டார். கார் ஓடியது.

அத்திப்பள்ளி வந்தது. சந்தாபுரா வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, சில்க் போர்டு சந்திப்பும் வந்தது. பெட்டி சொன்ன இடத்தில் எல்லாம் டிரைவர் திரும்பினார். ஏழரை மணிக்குப் பெட்டி பேசியது. "நீங்கள் போக வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது.

இறங்கிப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுக்கும் இடம் இல்லை. பூட்டிய கடை ஒன்றுதான் இருந்தது.

அந்த அம்மா சீட்டை எடுத்தார். இரவுப் பள்ளியில் படிக்கக் கற்றவர் அவர். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார். "ஜெயநகர் 4வது பிளாக்" என்று இருந்தது. தெரு முனையில் ஒரு பெண் பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது ஜெயநகர்தானே?"

"இல்லைம்மா. இது கோரமங்களா. ஜெயநகர் அந்தப் பக்கம். டெய்ரி சர்க்கிள் வழியாப் போங்க."

பெங்களூரில் இப்படி நடப்பது புதிதல்ல. ஜெயநகரில் 4வது பிளாக் உண்டு. கோரமங்களாவிலும் உண்டு. ராஜாஜிநகரிலும் உண்டு. முதல் மெயின், இரண்டாவது கிராஸ் என்று ஒவ்வொரு பகுதியிலும் எண்ணிக்கொண்டே போவார்கள். தெருவுக்குப் பெயர் வைப்பதில் அந்த ஊருக்கு அப்படி ஒரு சோம்பல்!

டிரைவருக்குக் கோபம் வந்தது. "சாட்டிலைட் தப்பாக் காட்டிடுச்சு" என்றார்.

சாட்டிலைட் என்றால் செயற்கைக்கோள். அது உண்மையில் தப்பு செய்ததா?

வானத்திலிருந்து வரும் சேதி

பலர் இப்படி நினைக்கிறார்கள்: மேலே ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது. அது நம் காரைப் பார்க்கிறது. "இப்படிப் போ, அப்படிப் போ" என்று சொல்கிறது.

அப்படி இல்லை. செயற்கைக்கோளுக்கு நம் காரைத் தெரியாது. அது ரேடியோ நிலையம் போல. சேதியை அனுப்பிக்கொண்டே இருக்கும். "நான் இந்த இடத்தில் இருக்கிறேன். இப்போது மணி இத்தனை." இவ்வளவுதான் அந்தச் சேதி. மற்றக் கணக்கை எல்லாம் காரில் உள்ள பெட்டியே போடுகிறது.

என்ன கணக்கு அது? மின்னலும் இடியும் நமக்குத் தெரியும். மின்னல் முதலில் தெரியும். இடி பிறகு கேட்கும். இடையில் 3 நொடி ஆனால், இடி விழுந்தது சுமார் 1 கிலோமீட்டர் தூரத்தில். தாமதத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். பெட்டியும் இதையேதான் செய்கிறது. சேதி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்க்கிறது. ரேடியோ அலை ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சேதி வர, ஒரு நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும்.

தூரம் தெரிந்துவிட்டது. இடம் தெரிய வேண்டாமா? முளையில் கட்டிய மாட்டை நினைத்துப் பாருங்கள். மாடு கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்கிறது. முளையைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்தில் எங்கோ மாடு நிற்கிறது. சரியாக எங்கே என்று சொல்ல முடியாது. வேறொரு முளையிலிருந்தும் ஒரு கயிறு கட்டுங்கள். இப்போது மாடு நிற்கக்கூடிய இடங்கள் இரண்டுதான். மூன்றாவது கயிறு கட்டினால் ஒரே இடம்தான். செயற்கைக்கோள்கள்தான் முளைகள். தூரம்தான் கயிறு. நான்காவது செயற்கைக்கோளும் வேண்டும். பெட்டியில் இருக்கும் கடிகாரம் சாதாரணமானது. அதைத் திருத்த நான்காவது உதவுகிறது.

செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். அது மிக மிகச் சரியாக ஓட வேண்டும். ஒரு நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் போதும். தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும்.

இந்த முறைக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். இது அமெரிக்க ராணுவம் செய்தது. 1978-ல் முதல் செயற்கைக்கோள் மேலே போனது. 1995-ல் வேலை முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வரும் சேதியை முதலில் அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறு வரும். 2000-ம் ஆண்டு மே மாதம்தான் அதை நிறுத்தியது. இன்று திறந்த வெளியில் நின்றால், நல்ல கைபேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

அடுத்தவர் வீட்டுக் கிணற்றை எத்தனை நாள் நம்புவது? அதனால் இந்தியாவும் சொந்தமாக ஒரு முறையைத் தொடங்கியது. அதன் பெயர் நாவிக். இஸ்ரோ நிறுவனம் 2013 ஜூலையில் முதல் கோளை அனுப்பியது. 2016 ஏப்ரலில் 7 கோள்கள் ஆயின. இஸ்ரோவின் தலைமையகம் பெங்களூரில்தான் இருக்கிறது. நாவிக் கோள்களின் நேரத்தையும் இடத்தையும் கவனிக்கும் மையமும் பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலு என்ற ஊரில்தான் இருக்கிறது.

ஆனால் இதிலும் தொல்லை வந்தது. முதல் கோளில் இருந்த 3 அணுக் கடிகாரங்களும் நின்றுபோயின. அவை வெளிநாட்டில் வாங்கியவை. மாற்றுக் கோள் 2017 ஆகஸ்டில் கிளம்பியது. அதன் மேல்மூடி கழலவில்லை. கோள் வீணாயிற்று. 2023 மே மாதம் நம் நாட்டில் செய்த அணுக் கடிகாரத்தோடு ஒரு கோள் போனது. 2025 ஜனவரியில் போன அடுத்த கோள், சேர வேண்டிய பாதையில் சேரவில்லை. 2025-ல் இடம் காட்டும் வேலையைச் செய்த நாவிக் கோள்கள் 4 மட்டுமே.

மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை

இடம் தெரிவது ஒன்று. வழி தெரிவது வேறு. இதைத்தான் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. இடத்தைத்தான் செயற்கைக்கோளின் உதவியால் தெரிந்துகொள்கிறோம். வழியைச் சொல்வது வரைபடம். வரைபடத்தைப் போடுபவர்கள் மனிதர்கள். அது பெட்டிக்குள் அல்லது கைபேசிக்குள் இருக்கிறது.

வாடகைக் காரில் பொருத்திய பெட்டியில் பெரும்பாலும் பழைய வரைபடம் இருக்கும். யாராவது புதுப்பித்தால்தான் மாறும். கார் பல கை மாறுகிறது. யார் புதுப்பிப்பார்கள்? பெங்களூரிலோ சாலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேற்று இரு வழியாக இருந்த தெரு இன்று ஒரு வழி. 2024 ஜூலையில் ராகிகுட்டாவுக்கும் சில்க் போர்டுக்கும் நடுவே ஓர் இரட்டை அடுக்குப் பாலம் திறந்தார்கள். கீழே சாலை. அதற்கு மேலே மேம்பாலம். எல்லாவற்றுக்கும் மேலே மெட்ரோ ரயில். அதற்கு முன்பு போட்ட வரைபடத்துக்கு அப்படி ஒரு மேம்பாலம் இருப்பதே தெரியாது.

புதிய வரைபடமும் மேம்பாலத்தில் தடுமாறும். ஓசூர் சாலையைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை 2010-ல் திறந்தது. சுமார் 10 கிலோமீட்டர் நீளம். அதன் அடியிலேயே பழைய சாலையும் ஓடுகிறது. கார் மேலே போகிறதா, கீழே போகிறதா? மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோடு. பெட்டி குழம்பிவிடும். நீங்கள் கூட்லு கேட்டில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தெரியாமல் மேலே ஏறிவிட்டால், ஊர் கீழே தெரியும். ஆனால் இறங்க முடியாது. சுங்கக் கட்டணமும் கட்ட வேண்டும்.

உயரமான கட்டடங்களும் தொல்லைதான். கிணற்றுக்குள் கத்தினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அல்லவா? ரேடியோ அலையும் கட்டடத்தில் பட்டுச் சுற்றி வரும். சுற்றி வந்தால் தாமதம். தாமதம் ஆனால் தூரக் கணக்கு தப்பும். அப்போது திரையில் கார் பக்கத்துத் தெருவுக்குத் தாவும். நிலத்துக்கு அடியில் உள்ள கார் நிறுத்தத்தில் சேதியே வராது.

உயிர் போகும் தவறு

சில தவறுகள் சிரிப்பை வரவழைக்கும். 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் அதில் வந்தார்கள். கைபேசி காட்டிய குறுக்கு வழியில் வந்ததாகச் சொன்னார்கள். போலீசாரும் ஊர்க்காரர்களும் காரை மீட்டார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் நடந்தது அப்படி அல்ல. பரேலி மாவட்டத்தில் ராம்கங்கை ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துப் போயிருந்தது. வரைபடத்தில் பாலம் முழுதாகவே இருந்தது. சாலையிலும் சரியான தடுப்பு இல்லை. 2024 நவம்பர் 24 அன்று ஒரு கார் அந்த வழியே வந்து ஆற்றில் விழுந்தது. 3 பேர் இறந்தார்கள்.

மழை நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023 மே 21 அன்று பெங்களூரில் பெருமழை. கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு குடும்பம் வாடகைக் காரில் அதற்குள் போய் மாட்டிக்கொண்டது. 22 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது செயற்கைக்கோள் அனுப்பும் சேதியில் இருக்காது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கிளம்பும் முன்பு

போக வேண்டிய இடத்தின் முழு முகவரியையும் டிரைவரிடம் படித்துக் காட்டுங்கள். பகுதியின் பெயரை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் இவற்றில் ஒன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வந்த பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெட்டி பழையது என்றால், கைபேசி வரைபடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. காட்டுப் பாதையில் கைபேசிக்கு இணையம் கிடைக்காது. அங்கே போவதானால் வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைக்கலாம்.

சில வாடகைக் கார்களில் இன்னொரு கருவியும் இருக்கும். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொது வாகனங்களில் இது இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. இந்தக் கருவி நமக்கு வழி காட்டாது. வண்டி எங்கே இருக்கிறது என்பதை மற்றவர்களுக்குக் காட்டும். ஆபத்து என்றால் அந்தப் பொத்தானை அழுத்தலாம்.

அந்தக் கணவனும் மனைவியும் என்ன ஆனார்கள்? பூக்காரப் பெண் சொன்ன வழியில் கார் போனது. ஸ்கேன் மையத்தை அடையும்போது மணி 8.20. டோக்கன் கொடுப்பவர் முணுமுணுத்தார். பிறகு வரிசையில் உட்காரச் சொன்னார்.

மாலையில் ஓசூர் திரும்பினார்கள். டிரைவர் கிலோமீட்டர் கணக்குப் போட்டு வாடகை கேட்டார்.

"தம்பி, கோரமங்களாவில் நின்னப்போ மீட்டரில் இருந்த எண்ணை எழுதி வச்சேன்" என்றார் அந்த அம்மா. "ஜெயநகர் போய்ச் சேர்ந்தப்போ இருந்த எண்ணும் இதோ இருக்கு."

சீட்டின் பின்பக்கம் இரண்டு எண்கள் இருந்தன. கோணல்மாணலாக இருந்தாலும் தெளிவாக இருந்தன. டிரைவர் பார்த்தார். தலையைச் சொறிந்தார். சுற்றிய கிலோமீட்டரைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்.