கேரம் பலகையில் இரண்டு கணக்கு

காயை நேராக அடிக்கிறோம். அது பாக்கெட்டில் விழுகிறது. பின்னாலேயே போய் ஸ்ட்ரைக்கரும் விழுகிறது. போட்ட காயை எடுத்து மறுபடி பலகையில் வைக்க வேண்டும். கேரம் ஆடிய எல்லோருக்கும் இந்த ஏமாற்றம் தெரியும். இது ஏன் நடக்கிறது என்பதை உந்தம் சொல்லும்.

நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். மோதலில் ஒரு பொருள் இழக்கும் உந்தம் மற்றதற்குப் போய்ச் சேர்கிறது, மொத்தம் மாறுவதில்லை. பலகையின் உராய்வு இதைக் கெடுக்காதா? மோதல் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் உராய்வு பறிப்பது மிகச் சொற்பம்.

உந்தத்துக்குத் திசையும் உண்டு. ஆகவே பலகையில் இரண்டு கணக்கு எழுத வேண்டும்: முன்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. ஒன்றின் குறையை மற்றொன்றிலிருந்து ஈடுகட்ட முடியாது.

போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். காய் 5 முதல் 5.5 கிராம். 15, 5 என்றே கொள்வோம். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 100 செ.மீ. வேகத்தில் வருகிறது. முன்கணக்கில் உந்தம் 1500. பக்கக் கணக்கில் பூஜ்யம்.

அது காயின் ஓரத்தில் படுகிறது. காய் வலப்புறம் சுமார் 37 டிகிரி விலகி, நொடிக்கு 120 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. மோதலில் ஆற்றல் வீணாகவில்லை என்றால் கிடைக்கும் வேகம் இது. அதைப் பிரித்தால் முன்னோக்கி 96, வலப்புறம் 72. ஐந்தால் பெருக்க, காயின் உந்தம் 480, 360.

முன்கணக்கில் ஸ்ட்ரைக்கருக்கு மிச்சம் 1020. அதாவது வேகம் 68. பக்கக் கணக்கோ பூஜ்யத்தில் தொடங்கியது, பூஜ்யத்திலேயே முடிய வேண்டும். காய் வலப்புறம் 360 கொண்டுபோனதால் ஸ்ட்ரைக்கர் இடப்புறம் 360 ஏற்கிறது, வேகம் 24. எனவே அது இடப்புறம் சுமார் 19 டிகிரி திரும்புகிறது. இதைவிட அதிகம் திரும்பவும் வழியில்லை: தன்னில் மூன்றில் ஒரு பங்கு நிறையுள்ள, அசையாத ஒரு காயில் எப்படிப் பட்டாலும் 19.5 டிகிரிதான் எல்லை.

நேராக அடித்தால் காய் 150 வேகத்தில் பாயும். ஸ்ட்ரைக்கர் 50 வேகத்தோடு அதே கோட்டில் பின்தொடரும். பாக்கெட்டில் விழுவது அதனால்தான். தேர்ந்த ஆட்டக்காரர் காயின் எந்த ஓரத்தைத் தொடுவது என்று பார்த்து அடிக்கிறார். காயைப் பாக்கெட்டுக்கு அனுப்பும் அதே அடியில், ஸ்ட்ரைக்கருக்கு வேறு வழி காட்டிவிடுகிறார்.