தொலைபேசி எண் யார் பெயரில்?

காணிக்கு உறுதி இருக்கிறதா, அது யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் நம்மவர் உடனே பெட்டகத்தைத் திறந்து காட்டுவர். தோம்பிலே பெயர் மாறாதிருந்தால் அவர்களுக்கு உறக்கம் வராது. ஆனால், விடிந்ததுமுதல் படுக்கும்வரை கையை விட்டு அகலாத கைத்தொலைபேசியின் எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் விழிப்பர், சிலர் சிரிப்பர். "என் கையில் இருக்கிறது, ஆகவே என்னுடையது" என்பதே பெரும்பாலும் கிடைக்கின்ற விடை. கருவியைப் பொறுத்தவரை அது சரி. எண்ணைப் பொறுத்தவரை அது சரியன்று.

ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பழைய குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் செட்டியார் தெருவிலோ நாலாங்குறுக்குத் தெருவிலோ வியாபாரம் செய்பவர். கடைக்கென்று ஓர் இணைப்பு எடுத்தார். பிறகு மனைவிக்கு ஒன்று, மூத்தவனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கடைப்பையனுக்கும் ஒன்று. எல்லாம் அவர் பெயரில், ஒரே கணக்கில். மாதமுடிவில் ஒரே பட்டியல் வரும், அவரே கட்டிவிடுவார். இதில் குறைகாண நாம் முற்படவில்லை. இலங்கையில் 1989ஆம் ஆண்டு கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியபோது அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. வருகின்ற அழைப்புக்கும் கட்டணம் அறவிட்ட காலமது. வீட்டுத் தலைவர் ஒருவரே பொறுப்பேற்பது இயல்பாயிற்று. அடையாள அட்டை பெறும் வயது வராத பிள்ளைக்கு இன்றும் பெற்றார் பெயரில்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வேலைதேடி வந்து இப்பகுதி விடுதிகளிலும் அறைகளிலும் தங்கியவர்கள், வீட்டுக்காரர் பெயரிலும், முதலாளி பெயரிலும், முன்னரே வந்திருந்த மாமன் பெயரிலும் இணைப்புப் பெற்றார்கள். இதன் விளைவு 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தெரிந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்நாளில், கைத்தொலைபேசி வைத்திருப்போர் இணைப்பு தமக்கே உரியது என்று காட்டும் சான்றிதழைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டுமென்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையில் ஒரு பெயரும் சான்றிதழில் மற்றொரு பெயரும் இருந்தால் என்ன விளக்கம் சொல்வது? ஒரு பெயர் எவ்வளவு பாரமானது என்பதை அந்நாளைய கொழும்புத் தமிழருக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. சான்றிதழின் நினைவும் மங்கிற்று. பெயர்கள் மட்டும் பல வீடுகளில் இருந்தபடியே இருக்கின்றன.

நிற்க. அன்று தொலைபேசி பெரும்பாலும் பேசுவதற்கே பயன்பட்டது. இன்று அந்த எண்ணே வங்கியின் திறப்பு. பணம் அனுப்பவேண்டுமானால் வங்கி ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கத்தைக் குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்கே அனுப்புகிறது. வாட்ஸ்அப் அதிலேயே திறக்கிறது. 2012இல் ‘ஈஸி கேஷ்’ வந்ததன்பின் தொலைபேசியே பணப்பையாகவும் ஆயிற்று. இவ்வளவும் ஒருவர் கையில் இருக்க, பதிவு மற்றொருவர் பெயரில் இருந்தால், ‘என் சிம் அட்டை தொலைந்துவிட்டது, புதியது தாருங்கள்’ என்று கேட்கும் உரிமை பதிவிலுள்ளவருக்கே உரியது. புதிய அட்டை அவர் கைக்குப் போன கணமே பழைய அட்டை செத்துவிடும். வங்கியின் குறுஞ்செய்தியும் அவரிடமே போகும். நல்ல தகப்பனும் நல்ல கணவனும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நல்ல தகப்பனும் ஒருநாள் இறந்துபோகிறார்.

அந்த வேளையில்தான் சிக்கல் வெளிப்படுகிறது. கணக்குக்குரியவர் காலமானார், பட்டியல் கட்டப்படவில்லை, ஒரே கணக்காதலால் வீட்டிலுள்ள எல்லா இணைப்புகளும் ஒருங்கே தடைப்படுகின்றன. விதவைத் தாயின் சேமிப்புக் கணக்கோ அந்த எண்ணோடு பிணைந்திருக்கிறது. அவர் இருபது ஆண்டு பாவித்த எண் அவருடையது என்பதை மரணச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் கொண்டு நிரூபிக்கவேண்டும். பிள்ளைகள் பலரானால் ஏனையோரின் சம்மதக் கடிதமும் சத்தியக் கடதாசியும் கேட்கப்படலாம். எட்டுச்செலவு முடியுமுன்னரே பத்திரங்களோடு வரிசையில் நிற்கும் நிலை!

இதைவிட நுண்ணியதொரு துன்பம் உண்டு. குடும்பப் பகுதியிலே அதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பொதுக்கணக்கின் விரிவான பட்டியலிலே, எந்த எண் யாரை எப்போது அழைத்தது என்பது கணக்குக்குரியவர் கண்ணில் படும். கணவனின் கொடுமைக்கு அஞ்சித் தாய்வீடு போன ஒரு பெண் யாரிடம் உதவி கேட்டாள் என்பதையும் அப்பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும் அவனிடமே. எண்ணை விட்டுவிடலாமே என்பது எளிது. தொழிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வங்கியும் அறிந்த எண் அதுவன்றோ?

அமெரிக்காவில் இதற்கென்றே 2022 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றினார்கள். ‘பாதுகாப்பான தொடர்புகள் சட்டம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கொடுமைக்குள்ளானவர் ஆதாரத்தோடு விண்ணப்பித்தால், அவருடைய இணைப்பையும் அவர் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளின் இணைப்பையும் பொதுக்கணக்கிலிருந்து இரண்டு வேலைநாட்களுக்குள் நிறுவனம் பிரித்துக் கொடுக்கவேண்டும். கணக்குக்குரியவரின் சம்மதம் தேவையில்லை. தண்டக் கட்டணம் கேட்கக்கூடாது. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதற்கான விதிகள் 2024இல் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். ஆயினும் தொலைபேசி இணைப்பைப் பிரித்துத் தருவதற்கு அதில் ஏற்பாடில்லை. இது நம் சட்டசபையினர் சிந்திக்கவேண்டிய குறை என்பதே நமது கருத்து.

சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. மனம் ஒத்திருக்கும் காலத்திலேயே பெயரை மாற்றிக்கொள்வதுதான் அது. கொடுப்பவரும் பெறுபவரும் தத்தம் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு ஒன்றாகச் சென்று படிவத்தில் கையொப்பமிடுவதே பொதுவான முறை. அதற்குமுன் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். பாக்கியுள்ள கணக்கிலிருந்து எண் நகராது. ஈஸி கேஷ் முதலிய பணப்பையில் காசு இருந்தால் அதையும் முதலில் எடுத்துவிடுதல் நலம்; ஏனெனில் அப்பணப்பை பழைய பெயருக்கும் பழைய அடையாள அட்டைக்கும் உரியது. பிற்கொடுப்பனவு இணைப்பாயின் முன்னர் கட்டிய வைப்புப் பணம் யாருக்குத் திரும்பும் என்பதைக் கேட்டுத் தெளியவேண்டும். வெட்கப்படவேண்டியதில்லை, பணம் உங்களுடையது.

ஒன்றைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எண்தான் இடம்பெயர்கிறதேயன்றி, பொதுக்கணக்கின் சலுகை கூடவே வருமென்பது நிச்சயமில்லை. குடும்பமாகப் பகிர்ந்த இணையத் தரவு அற்றுப்போகலாம். புதியவர் தமது பெயரில் புதிய ஒப்பந்தமும் புதிய கட்டணத் திட்டமும் ஏற்கவேண்டியிருக்கலாம். மாதச் செலவு சற்று ஏறும். மணமாகி வெள்ளவத்தைக்குப் போன மகளுக்குச் சீர்வரிசையோடு தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தால் என்ன என்று நாம் வேடிக்கையாகக் கேட்பதுண்டு; வேடிக்கைக்குள்ளே விஷயமும் உண்டு.

வேண்டாத எண்ணை அப்படியே போட்டுவிடுவதும் நன்றன்று. பாவனையற்ற எண் சில காலத்தின்பின் வேறொருவருக்கு வழங்கப்படும். வங்கியில் அதை மாற்றாது விட்டிருந்தால் உங்கள் இரகசிய இலக்கம் அந்நியர் கைக்குப் போகும். மறுபுறம், வேலையை விட்டுப்போன கடைப்பையனிடம் முதலாளி பெயரிலுள்ள எண் இருந்தால், அதிலிருந்து எவரேனும் மிரட்டப்பட்டாலும் ஏமாற்றப்பட்டாலும் பொலிசார் முதலில் தட்டுவது முதலாளியின் கதவைத்தான்.

கனடாவுக்கோ இலண்டனுக்கோ போகின்ற பிள்ளைகள் இருக்கும் வீட்டார் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுமுன் ஒரு பகலை இதற்கென ஒதுக்குவது நல்லது. தாயின் எண் மகன் பெயரில் இருந்து, மகன் கடல்கடந்த பின் மாற்ற முனைந்தால், அற்றோணித் தத்துவம் எழுதி, அங்குள்ள தூதரகத்தில் அத்தாட்சிபெற்று, தபாலில் வரவழைக்கும் வரை தாயார் காத்திருக்க நேரிடலாம். புறப்படுமுன் செய்தால், இரண்டு கையொப்பங்களோடு வேலை முடிந்துவிடும்.