பிள்ளை வாயில் வைத்தால் அடிக்கலாமா?

எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறான் என்று பிள்ளையின் கையில் ஒரு போடு போடுகிறோம். அழுது ஓய்ந்ததும் மறுபடி வைக்கிறான். இது குறும்பு அல்ல. கைக்குழந்தைக்கு விரலைக் காட்டிலும் உதடும் நாக்கும் முந்தியே உணர்வு பெறுகின்றன. வாயில் வைத்துத்தான் ஒரு பொருளை அறிகிறது. 6 மாத வாக்கில் பல் முளைக்கையில் ஈறு நமநமக்கும், கடித்தால்தான் சுகம். 2 வயதுக்குமேல் இப்பழக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

தாய்மார்களே, அதுவரை வீட்டுத் தரையைக் கவனியுங்கள். தவழும் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். காசு, பொத்தான், கச்சான் கொட்டை ஆகியவை மூச்சை அடைக்கும். கைக்கடிகாரத்திலும் விளையாட்டுச் சாமானிலும் உள்ள வட்டப் பேட்டரி தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும்.

புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. மருந்தடித்த சட்டையைத் தனியே துவையுங்கள்.

பிள்ளை கடிக்க, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கொடுத்து அருகிலேயே இருங்கள்.

மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999 அழையுங்கள். அல்லது போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். பேட்டரியை விழுங்கினாலும் தாமதம் கூடாது.

2 வயது தாண்டியும் மண், கரி, சுண்ணாம்பு தின்னும் பிள்ளைக்கு இரத்தச்சோகை இருக்கலாம். பிரம்பை எடுக்காமல் கிளினிக்குக்கு அழைத்துப்போய் இரத்தத்தைச் சோதியுங்கள்.